டைனமிக் சி.டி. பெர்ஃப்யூஷன்: 16 பகுதியிலும் ஓட்டம் குறைவு, கரோனரி சுத்தம். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

பச்சைவென்ஃப்ளான் (சி.டி. டெக்னாலஜிஸ்ட்) எழுதியது:

வணக்கம். ஸ்ட்ரெஸ் டைனமிக் பெர்ஃப்யூஷன் (மருந்தால் இதயக் குழாய்களை விரித்து, தசையின் ரத்த ஓட்டத்தைத் தொடர் படங்களால் அளப்பது) கேஸ் ஒன்று. விவரம் அப்படியே தருகிறேன்.

இரட்டைக் குழாய் மெஷின், இரண்டாம் தலைமுறை, ஷட்டில் முறை. ஆண், 58 வயது, 70 கிலோ. 80 கே.வி., 30 நொடி ஸ்கேன், ஆர் அலைக்குப் பின் 250 மில்லிநொடியில் டிரிகர். 370 கான்ட்ராஸ்ட் (மி.லி.க்கு 370 மி.கி. அயோடின்) 50 மி.லி., நொடிக்கு 5 மி.லி. வேகம், பின்னாலேயே சலைன் 40 மி.லி. அடினோசின் (குழாயை விரிக்கும் மருந்து) கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம், மூன்று நிமிடம் ஓடிய பிறகு ஸ்கேன். நாடி 72-லிருந்து 76 ஆனது. பி.பி. 128/80, ஸ்கேன் நேரத்தில் 126/80.

இதயத் தசையை 17 பகுதியாகப் பிரித்ததில் நுனியை விட்டுவிட்டு 16 பகுதியிலும் ரத்த ஓட்டம் 100 மி.லி. தசைக்கு நிமிடத்துக்கு 74 முதல் 83 மி.லி. வரை வருகிறது. கலர் மேப் முழுக்க நீலம். கரோனரி ஆஞ்சியோவில் எல்.ஏ.டி. (இடது முன் கரோனரி) ஆரம்பத்தில் சின்னக் கால்சியம் தவிர வேறு எதுவும் இல்லை. கார்டியாலஜியிலிருந்து கேட்கிறார்கள்: இது மைக்ரோவாஸ்குலர் (நுண்குழாய்) நோயா, அப்படி எழுதலாமா என்று.


வளைவுக்கணக்கு (மருத்துவ இயற்பியல்) எழுதியது:

கலர் மேப்பை இப்போதைக்கு மூடி வையுங்கள். கடைசியில் பார்க்க வேண்டியது அது. அதன் பின்னால் இரண்டு வளைவுகள்தான் இருக்கின்றன: அயோர்ட்டாவில் அயோடின் ஏறி இறங்கும் வளைவு, தசையில் அது ஏறும் வளைவு. எண் எது வந்தாலும் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

அடைப்பில்லாத குழாயும் இதயம் முழுக்கக் குறைந்த எண்ணும் சேர்ந்து வந்தால் நான்கு வழி உண்டு. உண்மையிலேயே நுண்குழாய்க் கோளாறு. ஸ்ட்ரெஸ் ஏறவே இல்லை. கான்ட்ராஸ்ட் சரியாகப் போகவில்லை, அல்லது ஸ்கேன் தவறிய நேரத்தில் தொடங்கியது. நான்காவது, புள்ளிகளின் இடைவெளி அதிகமாகி வளைவு மழுங்கிவிட்டது. முதலாவதை எழுத வேண்டுமென்றால் மற்ற மூன்றையும் தள்ளிவிட்டுத்தான் எழுத முடியும்.

அயோர்ட்டா, பக்கச்சுவர் இரண்டின் எச்.யூ. (சி.டி. அடர்த்தி அலகு) எண்களையும் புள்ளிகளின் நேர இடைவெளியையும் போடுங்கள். அடிப்படை அளவைக் கழித்துவிட்டுப் போட்டால் நல்லது. கட்டம் போடும்போது தசையின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டிலிருந்தும் 1 மி.மீ. தள்ளிப் போடுங்கள். உள்ளே ரத்தம் கலந்தால் எண் கூடும், வெளியே கொழுப்பு கலந்தால் குறையும்.


பச்சைவென்ஃப்ளான் எழுதியது:

நன்றி சார். இடைவெளி 3.1 நொடி, மொத்தம் 10 புள்ளி.

அயோர்ட்டா: 0, 2, 95, 330, 410, 240, 120, 90, 105, 100.
பக்கச்சுவர்: 0, 0, 3, 14, 30, 42, 45, 43, 41, 40.

3 மி.மீ. தடிமன், 2 மி.மீ. நகர்வு, மென்மையான கெர்னல். நகர்வுத் திருத்தம் போட்ட பிறகு எடுத்தது.


வளைவுக்கணக்கு எழுதியது:

அருமை, இது போதும். கையாலேயே போட்டுப் பார்ப்போம்.

மிக எளிய முறை: தசை வளைவின் மிகச் செங்குத்தான சரிவை அயோர்ட்டாவின் உச்சத்தால் வகுப்பது. தசையில் பெரிய தாவல் 14-லிருந்து 30, அதாவது 3.1 நொடியில் 16 எச்.யூ. நொடிக்கு 5.16. அயோர்ட்டா உச்சம் 410. 5.16 ÷ 410 = 0.0126. நிமிடத்துக்கு மாற்ற 60-ஆல் பெருக்கினால் 0.755, அதாவது 100 மி.லி.க்கு 75.5 மி.லி. மென்பொருள் புள்ளிகளின் மேல் ஒரு மாதிரி வளைவைப் பொருத்திச் சரிவை எடுப்பதால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். உங்கள் 74–83 இதோடு ஒத்துப்போகிறது. மென்பொருள் கோளாறு இல்லை.

கான்ட்ராஸ்ட் நேரமும் சரி. முதல் இரண்டு புள்ளி வெறும் அடிப்படை, பிறகுதான் ஏற்றம். அயோர்ட்டாவில் வந்த பிறகு ஸ்கேன் தொடங்கியிருந்தால் இந்த இரண்டு பூஜ்யமும் இருக்காது. ஏறிக்கொண்டிருக்கும் அளவையே அடிப்படை என்று கழித்துவிடுவோம், எல்லாமே கோணலாகும். நரம்புக்கு வெளியே கான்ட்ராஸ்ட் கசிந்திருந்தால் உச்சம் 410 தொடாது, வளைவும் தட்டையாகப் படுத்திருக்கும். அதுவும் இல்லை.

எஞ்சியவை இரண்டு. 3.1 நொடி இடைவெளி, ஸ்ட்ரெஸ். இடைவெளியை முதலில் சொல்கிறேன். இந்த மெஷினில் ஒரு இடத்தில் டிடெக்டர் மறைப்பது 38 மி.மீ. அதனால் மேசை முன்னும் பின்னும் ஓடி இரண்டு இடத்தில் எடுக்கிறது, சேர்த்து 73 மி.மீ. நாடி 63-க்குள் இருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு துடிப்புக்கு ஒரு படம். அதைத் தாண்டினால் நான்கு துடிப்புக்கு ஒன்று. 76-ல் நான்கு துடிப்பு என்பது 3.16 நொடி. உங்கள் கணக்கு அதுதான். இவ்வளவு இடைவெளியில் தசையின் உண்மையான செங்குத்தான பகுதி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சராசரியாகிவிடும், ஓட்டம் குறைவாகத் தெரியும். அயோர்ட்டா உச்சமும் தவறலாம், அது எண்ணைக் கூட்டும் திசையில் போகும். ஆனால் அயோர்ட்டா இரண்டு மேசை இடத்திலும் படத்தில் வருவதால், இரண்டையும் கோத்து அதற்கு மட்டும் இரட்டிப்புப் புள்ளி கிடைக்கிறது. தசைக்கு அந்தச் சலுகை கிடையாது. மொத்தத்தில் எண் கொஞ்சம் குறையும். ஆனால் நல்ல இதயத்தின் 130-ஐ 78 ஆக்கும் அளவுக்கு இல்லை.

ஸ்ட்ரெஸ்தான் எனக்குச் சந்தேகம். அதை டாக்டர்கள் சொல்லட்டும்.


நிழற்படம் (ரேடியாலஜிஸ்ட்) எழுதியது:

> நாடி 72-லிருந்து 76 ஆனது. பி.பி. 128/80, ஸ்கேன் நேரத்தில் 126/80.

பதில் இந்த வரியிலேயே இருக்கிறது. அடினோசின் வேலை செய்தால் நாடி 10-க்கு மேல் ஏறும், மேல் பி.பி. ஒரு 10 இறங்கும், நோயாளி நெஞ்சு கனக்கிறது, முகம் சூடாகிறது, மூச்சு வாங்குகிறது என்று ஏதாவது சொல்வார். மூன்றும் இல்லையென்றால் குழாய் விரியவில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர், நீண்ட நாள் சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு நாடி ஏறாமலே விரியலாம். அதனால் இது மட்டும் சாட்சி ஆகாது.

இன்னொரு இடத்தைப் பாருங்கள்: மண்ணீரல். அடினோசின் இதயக் குழாயை விரிக்கும், மண்ணீரலின் குழாயைச் சுருக்கும். ஸ்ட்ரெஸ் ஏறியிருந்தால் மண்ணீரல் மங்கலாகவே இருக்கும். ஓய்வில் எடுத்த ஆஞ்சியோவில் இருப்பது மாதிரியே பளிச்சென்று நிறம் ஏறினால் அடினோசின் ஏற்பி தடுக்கப்பட்டிருக்கிறது. எம்.ஆர்.ஐ.காரர்கள் வெகுநாளாகப் பார்ப்பது இது. சி.டி.யில் கீழ் மேசை இடத்தின் கடைசி ஸ்லைஸ்களில் மண்ணீரலின் மேல் விளிம்பு மாட்டும். மாட்டாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. அடினோசினுக்குப் பதில் ரெகாடெனோசன் கொடுத்திருந்தால் இந்த அடையாளத்தை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. ஓய்வில் இதே முறையில் எடுத்தால் வழக்கமாக வரும் எண்ணும் இந்த 70–80 வட்டாரம்தான். உங்களுக்கு வந்திருப்பது கிட்டத்தட்ட ஓய்வுநிலைப் படம்.


நாடித்துடிப்பு (கார்டியாலஜிஸ்ட்) எழுதியது:

மேடம் சொன்னதோடு சேர்த்துச் சோதிக்க வேண்டியவை.

காஃபின். காபி, டீ, கோலா, சாக்லேட் எல்லாமே 12 மணி நேரத்துக்காவது கூடாது, 24 என்றால் நிம்மதி. "காபி குடிச்சீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருப்பார். பெயர் சொல்லிக் கேளுங்கள். சாரிடான் மாதிரித் தலைவலி மாத்திரையிலும் காஃபின் உண்டு. டீகாஃப் காபியும் சுத்தமாகக் காஃபின் இல்லாதது அல்ல.

அதைவிட முக்கியம் தியோஃபிலின் வகை. நம்மூரில் இருமல், இழுப்பு என்று போனாலே டெரிஃபிலின் எழுதிவிடுவார்கள். அடினோசின் உட்காரும் இடத்தில் அது முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அடினோசினை முறிக்க நாம் கொடுக்கும் அமினோஃபிலினும் அதே குடும்பம்தான்.

அடுத்து டோஸ் உண்மையில் போனதா என்ற கேள்வி. 70 கிலோவுக்கு நிமிடத்துக்கு 9.8 மில்லிகிராம். 2 மி.லி.யில் 6 மி.கி. வரும் மருந்தென்றால் மி.லி.க்கு 3 மி.கி., ஆக நிமிடத்துக்கு 3.27 மி.லி. சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 196 மி.லி. என்று போட வேண்டும். ஐந்து நிமிடம் ஓட 49 மி.கி., அதாவது 9 குப்பி. எஸ்.வி.டி.க்கு (திடீர் வேகத் துடிப்பு) ஒன்றிரண்டு குப்பி வைத்துப் பழகிய இடத்தில் 9 குப்பி எடுத்துவைக்க மாட்டார்கள். பாதியில் தீர்ந்தால் கதை முடிந்தது, ஏனென்றால் அதன் அரை ஆயுள் 10 நொடிக்கும் குறைவு. சில பம்புகளில் மேல்வரம்பு 99 அல்லது 150 என்று பூட்டி வைத்திருப்பார்கள். 196 போட்டால் ஏற்காது, யாரோ 150 போட்டு ஓட்டிவிடுவார்கள். பம்பின் பதிவைத் திறந்து பாருங்கள்.

எந்தக் கையில் பி.பி. கஃப் இருந்தது? இன்ஃப்யூஷன் போன கையிலேயே இருந்தால் கஃப் ஊதும்போதெல்லாம் ஓட்டம் நிற்கும், மருந்து 30 நொடிக்குப் போகாது. கஃப் இறங்கியதும் தேங்கியதெல்லாம் மொத்தமாக உள்ளே போய் ஏ.வி. பிளாக் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்கடத்தல் தடைபடுவது) வரும்.


பச்சைவென்ஃப்ளான் எழுதியது:

கஃப் இன்ஃப்யூஷன் கையில் இல்லை டாக்டர். வலது கையில் பச்சை வென்ஃப்ளான் (நரம்பு ஊசிக்குழாய்), கான்ட்ராஸ்ட். இடது கையில் அடினோசின். கஃப் காலில். பம்ப் பதிவில் 196 இருக்கிறது, ஸ்கேன் முடியும்வரை ஓடியிருக்கிறது.

மண்ணீரல் கீழ் ஸ்லைஸில் கொஞ்சம் மாட்டியிருக்கிறது. நிறம் நன்றாக ஏறியிருக்கிறது. மருந்துச் சீட்டு வார்டிலிருந்து கேட்டிருக்கிறேன்.


ரா_டேட்டா எழுதியது:

ஒரு சந்தேகம். எதற்காக இரண்டு கை? மூன்றுவழி ஸ்டாப்காக் போட்டு ஒரே லைனில் இரண்டையும் கொடுக்கும் இடங்கள் உண்டே.


நிழற்படம் எழுதியது:

கொடுக்கக் கூடாது. லைனில் நிற்கும் அடினோசினை நொடிக்கு 5 மி.லி. வேகத்தில் கான்ட்ராஸ்ட் தள்ளினால் அது ஒரே போலஸாக (மொத்தமாக) இதயத்துக்குப் போகும். சரியாக ஸ்கேன் தொடங்கும் கணத்தில் நாடி நின்றுபோகும், டிரிகர் போகும், முழு ஸ்கேனும் வீண். நோயாளிக்கு ஆபத்து என்பது அதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.

கான்ட்ராஸ்ட் கைக்கு முழங்கை மடிப்பில் 18 கேஜ் பச்சை. அதைவிட மெல்லிய பிங்க்கில் 5 போகும், ஆனால் பிரஷர் வரம்பைத் தொட்டு இன்ஜெக்டர் தானாக வேகத்தைக் குறைத்துவிடும். திரையில் யாரும் கவனிப்பதில்லை, போலஸ் 10 நொடிக்குப் பதில் 14 நொடியாகிவிடும். அடினோசின் கைக்கு இன்னும் மெல்லிய நீலமே போதும். சலைன் மட்டும் போட்டு ஒரு முறை அதே வேகத்தில் தள்ளிப் பார்த்துவிடுங்கள், நரம்பு தாங்குமா என்று.


ரா_டேட்டா எழுதியது:

சரி. இப்போது நேரடியாகவே கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இத்தனை சிரமப்பட்டு வருகிற எண் பெட் ஸ்கேனில் வருகிற எண்ணோடு சேர்வதே இல்லை. பெட்டில் ஸ்ட்ரெஸில் ஒரு கிராமுக்கு 2.5, 3 மி.லி. என்று வருகிறது. சி.டி.யில் நல்ல இதயத்துக்கே 1.3, 1.4. ஒரே தசை, ஒரே ரத்தம். இதை "அளவீடு" என்று எப்படிச் சொல்வது?


வளைவுக்கணக்கு எழுதியது:

நியாயமான கேள்வி. சேராததற்குக் காரணம் தெரிந்ததுதான். இரண்டு காரணம்.

ஒன்று: அயோடின் குழாய்க்குள்ளேயே நிற்பதில்லை. நுண்குழாய்ச் சுவர் வழியே திசுவுக்குள் கசிகிறது. கசியும் விகிதம் ஓட்டம் கூடக் கூடக் குறையும், ஏனென்றால் வேகமாக ஓடும் ரத்தம் சுவரோடு இருக்கும் நேரம் குறைவு. ரென்கின், குரோன் இருவர் பெயரில் உள்ள சமன்பாடு இது. நுண்குழாயின் ஊடுருவு திறன் 100 என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். உண்மையான ஓட்டம் 80 என்றால் கசியும் பங்கு 0.71, நாம் காண்பது 57. ஓட்டம் 250 என்றால் பங்கு 0.33, நாம் காண்பது 82. உண்மையில் மூன்று மடங்கு கூடிய ஓட்டம் நமக்கு ஒன்றரை மடங்குக்கும் குறைவாகத் தெரிகிறது. குழாய்க்குள் இருக்கும் ரத்தமும் சரிவில் சேர்வதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாகாது, ஆனால் திசை இதுதான்.

இரண்டு: சரிவு முறை ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. தசைக்குள் கான்ட்ராஸ்ட் ஏறி முடியும்வரை சிரையின் வழியே எதுவும் வெளியேறக் கூடாது. தசையில் ரத்தத்தின் பங்கு சுமார் 10 சதவீதம். ஓட்டம் 80 என்றால் கடக்கும் நேரம் 10 ÷ 80 நிமிடம், 7.5 நொடி. ஓட்டம் 200 என்றால் 3 நொடி. போலஸோ 50 மி.லி.யை 5 வேகத்தில் கொடுத்தால் 10 நொடி. ஸ்ட்ரெஸில் உள்ளே வரும்போதே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. தொட்டி நிறையும் வேகத்தை வைத்துக் குழாயின் வேகத்தைக் கணக்கிடுகிறோம், அடியில் ஓட்டை திறந்திருக்கிறது. அதனால்தான் 5-க்குப் பதில் 6 வேகம் கேட்கிறோம்: 8.3 நொடியாகக் குறையும்.

டீகன்வல்யூஷன், இரட்டை அறை மாதிரி போன்ற வேறு கணக்கு முறைகள் இரண்டாவது குறையைப் பெருமளவு சரிசெய்யும். முதலாவதை மாதிரி வைத்துத் திருத்தலாம். ஆனால் 10 புள்ளியும் 20 எச்.யூ. இரைச்சலும் உள்ள வளைவுக்கு நான்கைந்து அளவுருக்களைப் பொருத்தினால் விடை காற்றடிக்கும் பக்கம் சாயும். ஆக, ஓட்டத்தை அளக்கிறோம், ஆனால் மேல்முனை நசுங்கிய ஒரு அளவுகோலால் அளக்கிறோம். குறைந்த ஓட்டத்தை, அதாவது நோயுள்ள பகுதியை, ஓரளவு சரியாகவே காட்டும். அதனால்தான் நோயுள்ள பகுதியையும் நல்ல பகுதியையும் பிரித்துக் காட்ட முடிகிறது.

சி.டி.யில் மில்லிலிட்டர் தசைக்கு, பெட்டில் கிராம் தசைக்கு என்ற வித்தியாசமும் உண்டு. தசையின் அடர்த்தி 1.05 என்பதால் 5 சதவீதம்தான். அதைப் பெரிதாக்க வேண்டாம்.


ரா_டேட்டா எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ரிப்போர்ட்டில் வெட்டுப்புள்ளி (எந்த எண்ணுக்குக் கீழே நோய் என்பது) எது? ஒருவர் 75 என்கிறார், இன்னொருவர் 100 என்கிறார்.


நிழற்படம் எழுதியது:

இரண்டுமே வெளியான ஆய்வுகளில் வந்த எண்கள்தான். 2011-ல் வந்த முதல் கட்ட வேலைகளில் 75. பிறகு 78. மூன்றாம் தலைமுறை மெஷினில் 100-ஐ ஒட்டி. அகலமான டிடெக்டரில் வேறு மாதிரி வைத்துச் செய்தவர்களுக்கு 100 மில்லிலிட்டருக்கு அல்லாமல் கிராமுக்கு, 1.6 மி.லி.யைத் தாண்டி. மெஷின், மென்பொருள், கே.வி., மருந்து எது மாறினாலும் எண் மாறும். அடுத்தவர் வெட்டுப்புள்ளியை எடுத்து நம் மெஷினில் வைப்பது தப்பு.

நான் செய்வது: அதே இதயத்தில் நன்றாக இருக்கும் பகுதியோடு வகுப்பது. எல்.ஏ.டி. பகுதி 85, மற்ற பகுதிகள் 140 என்றால் 0.6. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. 0.75–0.8-க்குக் கீழே போனால் நோயாகப் பார்க்கலாம். இந்த இழையில் உள்ள கேஸில்தான் அது உதவாது, ஒப்பிட நல்ல பகுதியே இல்லை. மூன்று குழாயிலும் அடைப்புள்ளவருக்கும் இதே சங்கடம்.

ஒரு பகுதி மட்டும் நீலமாக இருந்து, அது கீழ்ச்சுவரின் அடிப்பகுதியாக இருந்தால் உடனே எழுதிவிடாதீர்கள். இடது கீழறையிலும் இறங்கு அயோர்ட்டாவிலும் அடர்ந்த அயோடின், பக்கத்திலேயே முதுகெலும்பு. மென்கதிர்களெல்லாம் உறிஞ்சப்பட்டு நடுவில் கருப்புப் பட்டை விழும். 80 கே.வி.யில் இது இன்னும் அதிகம். வளைவைப் பார்த்தால் பிடித்துவிடலாம்: உண்மையான ரத்தக் குறைவு என்றால் வளைவு மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். பட்டை என்றால் கீழறையில் அயோடின் உச்சத்தில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு புள்ளியில் தசையின் எச்.யூ. அடிப்படைக்கும் கீழே விழும், கீழறை வெளுத்ததும் தானாக மேலே வரும். எந்த நோயும் கான்ட்ராஸ்ட் கொடுத்த தசையைக் கொடுக்காத தசையைவிடக் கருப்பாக்காது.

மேசையின் இரண்டு இடமும் சேரும் கோட்டில் கிடைமட்டமாக ஒரு பட்டை வந்தால் அதுவும் நோயல்ல. எந்தக் கரோனரியின் எல்லையும் அப்படி ரூலர் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்காது.


ரா_டேட்டா எழுதியது:

இந்தப் பட்டையெல்லாம் 16 செ.மீ. டிடெக்டரில் இல்லை. 320 வரிசை மெஷினில் மேசை நகராமலே முழு இதயமும், ஒவ்வொரு துடிப்புக்கும். ஒரே ஒரு படம் எடுத்து உள்பாதித் தசைக்கும் வெளிப்பாதித் தசைக்கும் விகிதம் பார்க்கும் வழியும் உண்டு, 0.99-க்குக் கீழே என்றால் சந்தேகம். கோர்320 ஆய்வும் ஒற்றைப் படம்தான் எடுத்தது: 8 நாடு, 16 மையம், 381 பேர். கதிர்வீச்சும் மிச்சம்.


வளைவுக்கணக்கு எழுதியது:

கோர்320 நல்ல வேலை, மறுக்கவில்லை. 2014-ல் அது காட்டியது ஆஞ்சியோவையும் ஒற்றைப்படப் பெர்ஃப்யூஷனையும் சேர்த்துப் பார்த்தால், அடைப்பு இருப்பதோடு அதனால் ரத்தக் குறைவும் இருப்பவரைக் கண்டுபிடிக்க முடியும் என்பது. ஆனால் ஒற்றைப் படத்தில் நேரம் என்பது சூதாட்டம். தசையில் நல்ல பகுதிக்கும் குறைந்த பகுதிக்கும் வித்தியாசம் உச்சத்தில் இருப்பது சில நொடிதான். முன்னால் எடுத்தால் இரண்டும் கருப்பு, பின்னால் எடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த இழையில் உள்ள நோயாளிக்கு ஒற்றைப் படம் எடுத்திருந்தால் "சீராக உள்ளது, இயல்பு" என்று ரிப்போர்ட் போயிருக்கும். ஸ்ட்ரெஸ் ஏறாதது யாருக்கும் தெரிந்திருக்காது.

கதிர்வீச்சுக் கணக்கில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். டி.எல்.பி. (ஸ்கேனின் மொத்தக் கதிர் அளவு) 340 என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுக்கு உரிய பழைய காரணி 0.014 போட்டால் 4.8 மில்லிசீவர்ட். இதயத்துக்கென்று பின்னர் பரிந்துரைத்த 0.026 போட்டால் 8.8. ஒரே ஸ்கேன். யாராவது "எங்களுக்கு 5-க்குள் முடிகிறது" என்றால் எந்தக் காரணி என்று கேளுங்கள், அல்லது டி.எல்.பி.யை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். 100 கே.வி.யிலிருந்து 80-க்கும் 70-க்கும் இறங்கியதுதான் உண்மையான மிச்சம். அயோடினின் கே-விளிம்பு 33.2 கே.இ.வி., கதிரின் சராசரி ஆற்றல் அதை நெருங்க நெருங்க அதே அயோடின் இன்னும் பிரகாசமாகத் தெரியும். ஒரு மி.லி.க்கு ஒரு மில்லிகிராம் அயோடின் 120-ல் சுமார் 25 எச்.யூ. கொடுத்தால் 80-ல் 40-ஐ ஒட்டிக் கொடுக்கும். கனத்த உடம்புக்கு மட்டும் குழாயின் மின்னோட்டம் எட்டாது. 100-க்கே போக வேண்டும்.


நாடித்துடிப்பு எழுதியது:

வரிசை பற்றி யாரும் சொல்லவில்லை. ஆஞ்சியோ முதலிலா, ஸ்ட்ரெஸ் முதலிலா?


நிழற்படம் எழுதியது:

நோயாளியைப் பொறுத்தது டாக்டர். அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவு என்றால் ஆஞ்சியோ முதலில். சுத்தமாக இருந்தால் பெர்ஃப்யூஷனே வேண்டாம், அடினோசினும் கதிர்வீச்சும் மிச்சம். ஸ்டென்ட் வைத்தவர், கால்சியம் நிறைய உள்ளவர் என்றால் ஸ்ட்ரெஸ் முதலில். தசையில் முந்தைய கான்ட்ராஸ்ட் கலப்பில்லாமல் இருக்கும்.

ஆஞ்சியோவுக்காகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கரும் நாக்கடி நைட்ரேட்டும் ரத்தக் குறைவை மறைக்கக்கூடியவை. ஸ்ட்ரெஸை முதலில் முடித்துவிட்டு, 10–15 நிமிடம் விட்டு, நாடி பழைய நிலைக்கு வந்த பிறகு இரண்டையும் கொடுத்து ஆஞ்சியோ எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வரிசை. இரண்டுக்கும் சேர்த்துக் கான்ட்ராஸ்ட் 110–120 மி.லி. ஆகும், கிரியாட்டினினை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

மூச்சு விஷயமும் சொல்லிவிடுகிறேன், டெக்னாலஜிஸ்ட்களுக்குத் தெரிந்ததுதான். அடினோசின் ஓடும்போது 30 நொடி மூச்சடக்க எல்லோராலும் முடியாது. 20-வது நொடியில் இழுத்து மூச்சு விட்டால் உதரவிதானம் ஒன்றிரண்டு செ.மீ. இறங்கி, ஷட்டிலில் இதயத்தின் கீழ்ப்பகுதி படத்தை விட்டே போய்விடும். திருத்த மென்பொருள் இல்லாத தசையைக் கொண்டுவராது. "முடிஞ்சவரைக்கும் அடக்குங்க, முடியலேன்னா மேலாக மெல்ல விடுங்க, இழுக்காதீங்க" என்று முன்கூட்டியே இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.


பச்சைவென்ஃப்ளான் எழுதியது:

மருந்துச் சீட்டு வந்துவிட்டது. டெரிஃபிலின் ரிடார்ட் இரவும் காலையும். ஸ்கேன் நாள் காலையிலும் கொடுத்திருக்கிறார்கள். நம் கேள்வித்தாளில் காபி, டீ மட்டும் இருக்கிறது, இந்த மாத்திரை இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லியாகிவிட்டது.

மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கலாமா?


நாடித்துடிப்பு எழுதியது:

அவசரப்படாதீர்கள். அந்த மாத்திரை ஏன் கொடுத்தார்கள் என்பதைக் கேட்டீர்களா? இப்போது இழுப்பு இருப்பவர் என்றால் அடினோசினே கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். மாத்திரை உள்ளே இருந்ததால்தான் அன்று ஒன்றும் ஆகவில்லை என்றுகூட இருக்கலாம். ரெகாடெனோசனும் இழுப்பில் எச்சரிக்கையோடுதான். வேறு ஸ்ட்ரெஸ் மருந்தான டோபுட்டமின் கொடுத்தால் நாடி 130-க்குப் போகும், ஷட்டில் சி.டி.க்கு அது ஆகாது.

இழுப்பு இல்லை, சும்மா பழைய சீட்டைத் தொடர்ந்தது என்றால், எழுதிய டாக்டரின் சம்மதத்தோடு 48 மணி நேரம் நிறுத்திப் பிறகு எடுக்கலாம். ரிடார்ட் என்பதால் 24 போதாது. அமினோஃபிலின் கையில் இருக்க வேண்டும், இ.சி.ஜி.யில் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை ஏ.வி. பிளாக் இல்லையென்று பார்த்திருக்க வேண்டும், மேல் பி.பி. 90-க்கு மேல் இருக்க வேண்டும்.

ஆனால் மறுபடி எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. பெரிய குழாய்களில் அடைப்பு இல்லை என்று ஆஞ்சியோ சொல்லிவிட்டது. கூல்டும் லிப்ஸ்கோம்பும் 1974-லேயே காட்டியது: ஓய்வில் ஓட்டம் குறைய 85 சதவீத அடைப்பு வேண்டும், உச்ச ஓட்டமோ 30–45 சதவீதத்திலிருந்தே குறையத் தொடங்கும். இவருக்கு அந்த 30-ம் இல்லை. மிச்சமிருப்பது மைக்ரோவாஸ்குலர் கேள்வி மட்டும். நெஞ்சுவலி தொடர்ந்து இருந்து, பதிலால் சிகிச்சை மாறும் என்றால் எடுங்கள். எடுத்தால் ஓய்வுநிலை டைனமிக்கும் சேர்த்து எடுங்கள், ஸ்ட்ரெஸ் எண்ணை ஓய்வு எண்ணால் வகுத்து இருப்பு விகிதம் (ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்பது) பார்க்க வேண்டும். அது இல்லாமல் ஸ்ட்ரெஸ் எண்ணை மட்டும் வைத்து நுண்குழாயைப் பற்றிப் பேச முடியாது.


நிழற்படம் எழுதியது:

இப்போதைக்கு ரிப்போர்ட்டை இப்படி முடிக்கலாம்: "கரோனரி ரத்தக்குழாய்களில் ஓட்டத்தைத் தடுக்கும் அடைப்பு இல்லை. ஸ்ட்ரெஸ் பெர்ஃப்யூஷன்: நாடி, பி.பி. மாற்றம் போதுமானதாக இல்லை, மண்ணீரலில் நிற ஏற்றம் குறையவில்லை, ஸ்கேன் நாளில் தியோஃபிலின் வகை மருந்து எடுத்துள்ளார். ஆகவே தசை ரத்த ஓட்ட அளவு மதிப்பிடத் தக்கதல்ல." 74, 83 என்ற எண்களை ரிப்போர்ட்டில் போட வேண்டாம். அந்த நீலக் கலர் மேப்பையும் பேக்ஸிலிருந்து (படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பு) எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் ரிப்போர்ட்டைத் திறக்காமல் படத்தை மட்டும் பார்த்து, குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோகிராமுக்கு எழுதிவிடுவார். வளைவுகளையும் மூலப்படங்களையும் வைத்திருங்கள், மறுபடி எடுத்தால் ஒப்பிட வேண்டியிருக்கும்.


பச்சைவென்ஃப்ளான் எழுதியது:

அப்படியே செய்துவிட்டோம் மேடம். இழுப்பு பற்றி வார்டில் கேட்டிருக்கிறோம். மறுபடி எடுப்பதாக இருந்தால் நொடிக்கு 6 மி.லி. வேகமும் ஓய்வுநிலை டைனமிக்கும் சேர்த்து நெறிமுறையை மாற்றி இங்கேயே போடுகிறேன். டெஸ்ட் போலஸ் (முன்னோட்டமாகக் கொடுக்கும் சிறிதளவு கான்ட்ராஸ்ட்) நேரத்திலிருந்து எத்தனை நொடி முன்னால் ஸ்கேன் தொடங்குவது என்பது மட்டும் உறுதியாக வேண்டும்.


வளைவுக்கணக்கு எழுதியது:

அயோர்ட்டாவில் வந்து சேரும் நேரத்துக்கு 4 முதல் 5 நொடி முன்னால். 3 நொடி இடைவெளியில் இரண்டு அடிப்படைப் புள்ளி கிடைக்க அதற்குக் குறைவாகப் போகாதீர்கள். டெஸ்ட் போலஸை அடினோசின் ஓடும்போதே கொடுங்கள். ஓய்வில் எடுத்த நேரத்தை ஸ்ட்ரெஸுக்குப் போட்டால், இதயம் வேகமாக ஓடுவதால் கான்ட்ராஸ்ட் ஓரிரு நொடி முன்னதாகவே வந்து நிற்கும்.